பாணிக்கேற்ற ஓபனிங்: லைசெஸ் எக்ஸ்ப்ளோரர் எவ்வளவு தூரம் உதவுகிறது?

சதுரங்கத்தில் ஓரளவு தேர்ந்த எவரும் விரைவிலேயே கேட்கும் கேள்வி, "என் ஆட்டத்துக்கு எந்த ஓபனிங் (ஆட்டத்தைத் தொடங்கும் நகர்த்தல் வரிசை) ஒத்துவரும்?" என்பதுதான். அதற்குக் கிடைக்கும் விடைகளும் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. தாக்கி ஆட விரும்புகிறவருக்குக் கிங்ஸ் கேம்பிட்டும் சிசிலியன் டிராகனும், பொறுமைசாலிக்கு லண்டன் சிஸ்டமும் காரோ-கானும், இரண்டுக்கும் இடைப்பட்டவருக்கு இத்தாலியன். ஆட்டக்காரர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் ஒரு வாக்கியத்தை அப்படியே நம்பிவிடுவதுதான் இந்தப் பட்டியலின் குறை. தம்மைத் தாக்குதல் ஆட்டக்காரர் என்று சொல்லிக்கொள்பவரின் ஆட்டங்களைப் புரட்டிப் பார்த்தால், அவருடைய வெற்றிகளில் கணிசமானவை ராணிகள் வெட்டுப்பட்டபின் முடிவாட்டத்தில் பொறுமையாகச் சேர்த்தவையாக இருப்பது அரிதன்று. பாணி என்பது நாம் விரும்பும் ஆட்டமா, நமக்குக் கைகூடும் ஆட்டமா என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவதைக் கண்டறிவதற்குக் காசில்லாமல் கிடைக்கும் கருவிகளில் இணையச் சதுரங்கத் தளமான லைசெஸின் ஓபனிங் எக்ஸ்ப்ளோரரும், அதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்சைட்ஸ் பகுதியும் முதலிடத்தில் இருக்கின்றன என்பது என் மதிப்பீடு. அந்த இரண்டையும் இந்த ஒரே கேள்வியை முன்வைத்துப் பரிசீலிப்பதே இங்கு நோக்கம். தளத்தின் மற்ற வசதிகளைத் தேவைக்கு மேல் தொடப்போவதில்லை.

லைசெஸ் 2010இல் பிரெஞ்சு நிரலாளர் திபோ டுப்ளெஸ்ஸி தொடங்கிய தளம். இன்று இலாப நோக்கற்ற அமைப்பாக நன்கொடையில் இயங்குகிறது; விளம்பரம் கிடையாது, நிரல் முழுவதும் திறந்த மூலம். நன்கொடை அளிப்பவருக்குப் பெயரருகே ஒரு சின்னம் கிடைக்குமே தவிர, கூடுதல் வசதி எதுவும் கிடைக்காது. ஆகவே இந்த மதிப்பாய்வில் "இது கட்டணத் திட்டத்தில்தான் உண்டு" என்ற வாக்கியம் எங்கும் வராது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

எக்ஸ்ப்ளோரர் இருப்பது ஆய்வுப் பலகையில். விரித்த புத்தகம் போன்ற குறியை அழுத்தினால், பலகையில் அப்போதுள்ள நிலையில் என்னென்ன நகர்த்தல்கள் ஆடப்பட்டிருக்கின்றன, ஒவ்வொன்றும் எத்தனை ஆட்டங்களில் வந்திருக்கிறது, முடிவு என்னவாயிற்று என்பதைக் காட்டும் அட்டவணை திறக்கும். முடிவைச் சொல்வது மூன்று நிறப் பட்டை: வெள்ளையின் வெற்றி, டிரா, கறுப்பின் வெற்றி. நகர்த்தலைச் சொடுக்கினால் அடுத்த நிலைக்குப் போகலாம். நிலையைக் கணித்துச் சொல்லும் மென்பொருளான ஸ்டாக்ஃபிஷ் எஞ்சினின் மதிப்பீட்டையும் அதே திரையில் உடன் வைத்துக்கொள்ளலாம். மேலே மூன்று தாவல்கள் உள்ளன. மாஸ்டர்ஸ், லைசெஸ், பிளேயர் என்னும் அந்த மூன்றும் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன என்பதைப் புரிந்துகொள்ளாமல் இதைப் பயன்படுத்துகிறவர்கள்தான் பெரும்பான்மை.

மாஸ்டர்ஸ் தாவலில் இருப்பவை 2200க்கு மேற்பட்ட ஃபிடே ரேட்டிங் (உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு ஆட்ட வலிமைக்குத் தரும் எண்) உள்ளவர்கள் நேரில் உட்கார்ந்து ஆடிய ஆட்டங்கள், 1952 முதலானவை. ஓர் ஓபனிங் கோட்பாட்டளவில் தாங்குமா, வலுவான ஆட்டக்காரர்கள் அதை நம்பி எடுக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள இதைவிட நேரான வழி இல்லை. அட்டவணைக்குக் கீழே அந்த நிலை எழுந்த முக்கிய ஆட்டங்களும் வரிசையாக வருவதால், பிடித்த வரிசை ஒன்றைக் கண்டதும் அதை முழு ஆட்டமாகத் திறந்து, இருபதாம் நகர்த்தலுக்குப் பிறகு எத்தகைய போராட்டம் நடக்கிறது என்று பார்க்கலாம். பாணியைப் பற்றிய கேள்விக்கு உண்மையில் விடை இருப்பது அங்கேதான். ஐந்தாம் நகர்த்தல் வரை எந்த ஓபனிங்கும் பார்க்க அழகாகவே இருக்கும்.

ஆனால் இந்தத் தாவலை மட்டும் வைத்துத் தேர்வு செய்கிறவர், தாம் ஆடப்போகும் எதிராளிகளைக் கணக்கில் எடுக்காதவர். சிசிலியன் நய்டார்ஃபை எடுத்துக்கொள்வோம். (எழுத்தும் எண்ணும் பலகையின் கட்டத்தைக் குறிக்கும்; முதலில் வெள்ளையின் நகர்த்தல், அடுத்துக் கறுப்பினது; காயின் பெயர் இல்லையென்றால் நகர்வது சிப்பாய்.) 1.இ4 சி5 2.குதிரை எஃப்3 டி6 3.டி4, சிப்பாய்கள் வெட்டுப்பட்டு, குதிரைகள் வெளிவந்து, ஐந்தாவது நகர்த்தலில் கறுப்பு ஏ6 ஆடும்போதுதான் நய்டார்ஃப் தொடங்குகிறது. பாபி ஃபிஷரும் காஸ்பரோவும் ஆடிய ஓபனிங் என்ற பெருமையை நம்பி அதை மாதக்கணக்கில் படிக்கிற ஒருவர், லைசெஸ் தாவலுக்கு மாறி, தம் ரேட்டிங் அடுக்கைத் தேர்ந்து, 1.இ4 சி5 என்ற நிலையில் நின்று பார்க்கட்டும். மாஸ்டர்ஸ் தாவலில் ஏறக்குறையக் கண்ணில் படாத 2.பிஷப் சி4 அங்கே முன்வரிசையில் நிற்கும். அலாபின் என்கிற 2.சி3, ஸ்மித்-மோர்ரா கேம்பிட், டி4 ஆடாமலே மெல்ல விரியும் மூடிய சிசிலியன் ஆகியவை மீதி இடத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். ஐந்து நகர்த்தல்களும் புத்தகப்படி வந்து நய்டார்ஃப் பலகையில் மலர்வது, அந்த அடுக்கில் அவருடைய சிசிலியன் ஆட்டங்களில் ஒரு சிறு பகுதியாகவே இருக்கும். படித்தது ஒன்று, ஆட நேர்வது வேறு என்ற இந்த இடைவெளியை எண்களாகவே எதிரில் வைப்பது லைசெஸ் தாவலின் பெரும் பயன்.

இரண்டாவது தாவலான லைசெஸ், தளத்தில் ரேட்டிங்குக்காக ஆடப்பட்ட ஆட்டங்களின் கடல். அதை ரேட்டிங் அடுக்கு, நேரக் கட்டுப்பாடு, காலம் ஆகியவற்றால் வடிகட்டலாம். வடிகட்டாமல் பார்ப்பதில் பயனில்லை. ஓரிரு நிமிடப் புல்லட்டும் நீண்ட நேரக் கிளாசிக்கலும் கலந்த சராசரி யாருடைய ஆட்டத்தையும் பிரதிபலிப்பதில்லை. ஒரு முன்னெச்சரிக்கை: லைசெஸ் ரேட்டிங் ஃபிடே ரேட்டிங் அன்று. புதிதாகச் சேர்பவருக்கு 1500இல் தொடங்கும் அந்த அளவுகோலில், பெரும்பாலோருடைய எண் அவர்களுடைய ஃபிடே எண்ணைவிட உயர்ந்தே நிற்கும். தொடர்போட்டிகளுக்குத் தயாராகிறவர் தம் ஃபிடே எண்ணுள்ள அடுக்கைத் தேர்ந்தால், உண்மையில் தம்மைவிட எளிய எதிராளிகளின் ஆட்டங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்தத் தாவலின் வெற்றி விகிதங்களை எப்படி வாசிக்கக் கூடாது என்பதற்கு ஸ்டாஃபர்ட் கேம்பிட் நல்ல எடுத்துக்காட்டு. பெட்ராஃப் வரிசையில் 1.இ4 இ5 2.குதிரை எஃப்3 குதிரை எஃப்6 3.குதிரை இ5இல் சிப்பாயை வெட்டியதும், கறுப்பு அதை மீட்கப் பார்க்காமல் 3...குதிரை சி6 என்று இன்னொரு குதிரையை எதிரில் நீட்டுகிறது. எஞ்சினைக் கேட்டால் வெள்ளைக்குத் தெளிவான சாதகம் என்கிறது. மாஸ்டர்ஸ் தாவலில் இது ஏறக்குறைய இல்லவே இல்லை. கீழ் அடுக்குகளின் பிளிட்ஸ் (சில நிமிட) ஆட்டங்களிலோ கறுப்பின் பட்டை நீண்டு கிடக்கிறது, ஏனெனில் வெள்ளைக்கு இயல்பாகத் தோன்றும் நகர்த்தல்கள் பலவும் பொறிக்குள் காலை வைப்பவை. இந்தப் பட்டையைப் பார்த்து "தாக்குதல் பாணிக்கு ஏற்ற ஓபனிங் கிடைத்துவிட்டது" என்று மகிழ்வோர் பலர். அடுக்கை ஒவ்வொரு படியாக உயர்த்தி, நேரத்தைச் சற்று நீண்ட ரேபிட்டுக்கும் கிளாசிக்கலுக்கும் மாற்றிப் பார்த்தால் அந்தக் கவர்ச்சி கரைந்துபோவதைக் காணலாம். எனவே நான் எந்த ஓபனிங்கையும் என் அடுக்கில் ஒருமுறை, அதற்கு இரண்டு படி மேலே ஒருமுறை என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன். இரண்டிலும் பட்டையின் வடிவம் பெரிதாக மாறாத ஓபனிங்கே நீண்ட நாள் உழைப்புக்குத் தகுதியானது.

இனி, இந்த மதிப்பாய்வை எழுதுவதற்கே காரணமான பிளேயர் தாவல். இதில் தளத்தின் எந்தப் பயனரின் பெயரையும் இட்டு, வெள்ளை அல்லது கறுப்பு எனத் தேர்ந்தால், அந்த ஒருவருடைய ஆட்டங்கள் மட்டும் மரமாக விரிகின்றன. உங்கள் பெயரையே இடுங்கள். பெயரை இட்ட முதல் முறை, ஆட்டங்களை அட்டவணைப்படுத்தச் சிறிது நேரம் பிடிக்கும். பல ஆண்டுகளாகப் பிளிட்ஸ் ஆடித் தீர்த்தவர்கள் சற்றுப் பொறுத்திருக்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு நிலையிலும் நீங்கள் என்ன ஆடுகிறீர்கள், எங்கே தடுமாறுகிறீர்கள், எந்தக் கிளையில் உங்கள் பட்டை சாய்கிறது என்பது வெளிச்சத்துக்கு வரும். ஓபனிங்கின் பெயரைவிட அதன் கிளைகள் முக்கியம் என்பதை இதைப்போல் உறைக்கச் சொல்லும் கருவி வேறில்லை.

காரோ-கானை வைத்துப் பார்க்கலாம். "திடமான, அமைதியான ஓபனிங்" என்ற பெயரை நம்பி அதை எடுத்தவர் 1.இ4 சி6 2.டி4 டி5 என்ற நிலையில் தம் மரத்தை விரித்தால், மூன்று வேறு ஆட்டங்கள் அதற்குள் குடியிருப்பது தெரியும். 3.இ5 வந்தால் மூடிய மையம்; கறுப்பு பிஷப்பை எஃப்5க்குக் கொண்டுவந்து, இடநெருக்கடியோடு சி5 தள்ளும் தருணத்துக்காகக் காத்திருக்க வேண்டும். 3.குதிரை சி3 வந்தால் டி5 சிப்பாய் இ4இல் வெட்ட, பாரம்பரியமான, சற்றே பின்தங்கிய ஆனால் ஓட்டை இல்லாத நிலை. 3.இ4 சிப்பாய் டி5இல் வெட்டி 4.சி4 தொடர்ந்தால் அது பனோவ் தாக்குதல். பக்கத் துணைச் சிப்பாய் இல்லாத தனித்த டி-சிப்பாயைச் சுற்றிக் காய்கள் திறந்தவெளியில் மோதிக்கொள்ளும் அந்த ஆட்டத்தில் அமைதிக்கு இடமே இல்லை. ஒருவர் முதலிரண்டில் நன்றாகவும் மூன்றாவதில் மோசமாகவும் ஆடுகிறார் என்று பட்டை காட்டினால், அவர் ஓபனிங்கை மாற்றத் தேவையில்லை; தனித்த சிப்பாய்க்கு எதிராக ஆடக் கற்றுக்கொண்டால் போதும். மாறாக, மூன்றாவதில்தான் அவர் ஜொலிக்கிறார் என்றால், "அமைதியானவர்" என்று தம்மைப் பற்றி எண்ணியிருந்ததையே அவர் மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கும். கீழ் அடுக்குகளில் 2.டி4க்கு முன்பே பாதை பிரிந்துவிடும், 2.குதிரை எஃப்3யும் 2.பிஷப் சி4உம் அங்கே தாராளமாக வரும் என்பதும் இதே மரத்தில் தெரியும். பாடப்புத்தகங்கள் அவற்றுக்கு அரைப் பக்கம் ஒதுக்கினால் அதிகம்.

எக்ஸ்ப்ளோரர் நகர்த்தல் வரிசையை அன்றி நிலையை வைத்துக் கணக்கிடுவது இன்னொரு நேர்த்தி. வேறு பாதையில் வந்து அதே நிலையை அடைந்த ஆட்டங்களும் சேர்ந்தே எண்ணப்படுகின்றன. 1972இல் ரெய்க்யவிக்கில் ஸ்பாஸ்கிக்கு எதிரான உலகப் பட்டப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தை ஃபிஷர் வழக்கத்துக்கு மாறாக 1.சி4 என்று தொடங்கினார். சில நகர்த்தல்களிலேயே அது மறுக்கப்பட்ட குயின்ஸ் கேம்பிட்டாக மாறிவிட்டது. முதல் நகர்த்தலை வைத்துப் பெயர் சூட்டும் அட்டவணைகள் இத்தகைய ஆட்டங்களை எந்தப் பெட்டியில் போடுவதென்று திணறும். நிலையைப் பார்க்கும் கருவிக்கு அந்தத் தொல்லை இல்லை.

பட்டைகளை நம்புவதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு கிளையில் உங்களுக்கு இருபது, முப்பது ஆட்டங்கள்கூட இல்லையென்றால் அந்த நிறங்களுக்குப் பொருள் குறைவு. எதிராளிகளின் பலமும் பட்டையில் தெரியாது. நள்ளிரவில் எளிய எதிராளிகளோடு ஆடிக் குவித்த வெற்றிகள் லண்டன் சிஸ்டத்தின் சிறப்பாகத் தோன்றிவிடலாம். தேதி வடிகட்டியைத் தவறாமல் பயன்படுத்துவதும் அவசியம். மூன்றாண்டுகளுக்கு முன்பு ஆடிய ஆட்டக்காரர் இன்றைய நீங்கள் அல்லர்.

இன்சைட்ஸ் பகுதி பயனரின் சுயவிவரப் பக்கத்தில் இருக்கிறது, பலர் அதைத் திறந்தே பார்த்ததில்லை என்று சந்தேகிக்கிறேன். ஓர் அளவையையும் ஒரு பரிமாணத்தையும் நாம் தேர்ந்தெடுக்க, அது வரைபடம் போட்டுத் தருகிறது. துல்லியம், முடிவு, ரேட்டிங் ஏற்றம் ஆகியவை அளவைகளுள் சில. ஓபனிங் குடும்பம், ஆட்டத்தின் கட்டம், எந்தப் பக்கம் கேஸ்லிங் செய்தோம் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் மாற்றி ராஜாவைப் பாதுகாப்பது), ராணிகள் வெட்டுப்பட்டனவா என்பவை பரிமாணங்களுள் சில. பாணியைக் கண்டறிய இவற்றுள் கடைசி இரண்டும் பொன் போன்றவை.

ராணிகள் வெட்டுப்பட்ட ஆட்டங்களிலும் வெட்டுப்படாத ஆட்டங்களிலும் உங்கள் முடிவுகளைத் தனித்தனியே பாருங்கள். வெட்டுப்பட்டவற்றில் தெளிவாக மேலே நிற்கிறீர்கள் என்றால், கறுப்புக்கு ரூய் லோபஸில் பெர்லின் தற்காப்பு, வெள்ளைக்கு ஸ்காட்ச் ஆட்டத்தின் சில கிளைகள், கேட்டலானின் நீண்ட அழுத்தம் என்று உங்களுக்கு ஒரு வழி திறக்கிறது. பெர்லினின் முதன்மை வரிசையில் எட்டாவது நகர்த்தலிலேயே ராணிகள் பலகையை விட்டு வெளியேறுகின்றன. கறுப்பு ராஜா கேஸ்லிங் உரிமையை இழந்து நடுவில் நிற்கிறது, ஆனால் அதைத் தாக்க வெள்ளையிடம் ராணி இல்லை. 2000இல் லண்டனில் காஸ்பரோவுக்கு எதிரான உலகப் பட்டப் போட்டியில் கிராம்னிக் இந்தச் சுவரைத்தான் எழுப்பினார். பதினைந்து ஆட்டங்களில் காஸ்பரோவால் ஒன்றில்கூட வெல்ல முடியவில்லை. 8½–6½ என்ற கணக்கில் பட்டம் கைமாறியது. அங்கே கிராம்னிக் தம் பாணிக்கு ஏற்றதைத் தேர்ந்தார் என்பது பாதி உண்மைதான். எதிராளியின் பாணிக்கு ஒவ்வாததைத் தேர்ந்தார் என்பது மீதிப் பாதி.

அதே கிராம்னிக்குக்கு எட்டாண்டுகள் கழித்து அந்தப் பாடம் திரும்பக் கிடைத்தது. 2008இல் பான் நகரில், இ4 ஆட்டக்காரராகவே உலகம் அறிந்திருந்த விஸ்வநாதன் ஆனந்த், வெள்ளைக் காய்களுடன் டி4 ஆடத் தொடங்கினார். கடைசி ஆட்டத்தில்தான் இ4க்குத் திரும்பினார். கறுப்புடன் செமி-ஸ்லாவின் மெரான் வகையில் கூர்மையான ஒரு கிளையைத் தயார் செய்து வந்து, மூன்றாம் ஆட்டத்தையும் ஐந்தாம் ஆட்டத்தையும் வென்றார். இறுதிக் கணக்கு 6½–4½. இருவரும் வருடக்கணக்காக ஒருவரையொருவர் அறிந்தவர்கள், குழு வைத்துத் தயாரானவர்கள். நம்மைப் போன்றவர்களுக்குக் குழு இல்லை. பிளேயர் தாவல் இருக்கிறது. அடுத்த சுற்றில் எதிரே உட்காரப்போகிறவரின் லைசெஸ் பெயர் தெரிந்திருந்தால், அவருடைய மரத்தையும் இதேபோல் விரித்துப் பார்க்கலாம். அதே வசதி அவருக்கும் உண்டு என்பதால், நெடுநாள் உழைத்த வரிசைகளைத் தளத்தில் அன்றாடம் ஆடிக் காட்ட வேண்டுமா என்பதையும் யோசித்துக்கொள்வது நல்லது.

கேஸ்லிங் பரிமாணமும் இவ்வாறே பேசும். இருவரும் எதிரெதிர்ப் பக்கங்களில் கேஸ்லிங் செய்த ஆட்டங்களில் சிப்பாய்களை ராஜாவின் மீது உருட்டிவிட்டு முந்துவது யார் என்பதே கேள்வி. சிசிலியன் டிராகனும், அதற்கு எதிரான யூகோஸ்லாவ் தாக்குதலும் இந்தப் பந்தயத்தின் உச்சம். அந்த வகை ஆட்டங்களில் உங்கள் முடிவுகள் சரிகின்றன என்றால், டிராகனின் கவர்ச்சிப் பெயரைப் பார்த்து அதை எடுப்பதற்கு முன் நின்று யோசிக்கலாம்.

குறை என்று சொல்ல வேண்டுமென்றால், சிப்பாய்க் கட்டமைப்பை இன்சைட்ஸ் ஒரு பரிமாணமாகத் தருவதில்லை. பாணி என்று நாம் பேசுவதில் பெரும்பங்கு உண்மையில் சிப்பாய்க் கட்டமைப்பைப் பற்றியது: தனித்த சிப்பாயோடு சுறுசுறுப்பாக ஆடுவதா, பூட்டிய மையத்தின் இருபுறமும் மெல்ல நகர்வதா, சமச்சீரான நிலையில் சிறு சாதகங்களைச் சேர்ப்பதா என்பதில்தான் ஒருவரின் கை தெரிகிறது. இதைப் பயனரே கையால் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. எக்ஸ்ப்ளோரரில் பத்தாவது, பன்னிரண்டாவது நகர்த்தல் வரை இறங்கி, அங்கே நிற்கும் கட்டமைப்பைக் குறித்துக்கொண்டு, ஓபனிங் பெயர் எதுவானாலும் ஒரே கட்டமைப்புள்ளவற்றை ஒன்றாகச் சேர்ப்பது சற்று உழைப்புள்ள வேலை. பலனும் அதற்கேற்ப உண்டு. துல்லியக் கணக்கில் கணினி ஆய்வுக்கு உட்படுத்திய ஆட்டங்கள் மட்டுமே சேரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தோற்றவற்றை மட்டும் ஆய்வுக்கு அனுப்புகிறவரின் வரைபடம் அவரை உள்ளதைவிட மோசமாகக் காட்டும்.

இதைவிடப் பெரிய குறை, கருவி எதையும் விளக்குவதில்லை என்பது. லண்டன் சிஸ்டத்தில் டி4, பிஷப் எஃப்4, இ3, சி3 என்ற அமைப்பு எதற்கு, கறுப்பு சி5 தள்ளி ராணியை பி6க்குக் கொண்டுவந்தால் பி2 சிப்பாயை எப்படிக் காப்பது, எப்போது காக்காமல் விடுவது என்பதையெல்லாம் பட்டைகள் சொல்லா. லண்டன் சலிப்பானது என்ற பரவலான கருத்தையும் அவை திருத்தா. 2023இல் அஸ்தானாவில் உலகப் பட்டப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் டிங் லிரென் அதே லண்டன் சிஸ்டத்தில் நெப்போம்னியாச்சியின் ராஜாவைச் சுற்றி வலை பின்னி வென்றதை ஒருமுறை நகர்த்திப் பார்த்தால் அந்தக் கருத்து தானே தளரும். தளத்தின் தனி ஓபனிங் பக்கங்களில் விக்கிபுக்ஸிலிருந்து எடுத்த விளக்கங்கள் உண்டு. காலப்போக்கில் ஓர் ஓபனிங்கின் செல்வாக்கு ஏறியதும் இறங்கியதும் கோடாகத் தெரியும். விளக்கங்களின் தரம் மட்டும் சீராக இல்லை: புகழ்பெற்ற வரிசைகளுக்கு நிறைவாகவும் கிளைகளுக்கு இரண்டு வரியாகவும் இருக்கின்றன. தளத்தின் இடைமுகத்தைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ள முடிந்தாலும் இந்த விளக்கங்கள் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. பள்ளி மாணவர்கள் இவ்வளவு பேர் ஆடும் மொழியில் இது ஒரு வெற்றிடமே.

விளக்கம் தேவைப்படுகிறவர் கட்டணப் பொருள்களை நாட வேண்டியிருக்கும். செஸ்ஸபிள் பாடத்திட்டங்களில் ஆசிரியர் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் காரணம் சொல்வார், மறக்கும் தருணம் பார்த்து மென்பொருள் திரும்பக் கேட்கும். மனப்பாடத்துக்கு அது லைசெஸைவிடச் சிறந்த ஏற்பாடு. ஆனால் அங்கே நாம் நுழைவதே ஓர் ஓபனிங்கைத் தேர்ந்த பிறகுதான், தேர்வு சரியா என்பதை அது சொல்லாது. ஹாம்பர்க்கிலிருந்து வரும் செஸ்பேஸின் பெருந்தரவுத்தளத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் உள்ளன, தேடும் வசதிகளும் கட்டமைப்பு வரை ஆழமானவை. தொழில்முறை ஆட்டக்காரருக்கும் பயிற்சியாளருக்கும் அது இன்றியமையாதது. வார இறுதித் தொடர்போட்டிக்குப் போகிறவருக்கு அந்த விலைக்கு ஈடான பயன் கிடைக்குமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

ஆட்டம் கற்று ஓராண்டு ஆகாதவர்களுக்கும், லைசெஸில் 1200ஐத் தாண்டாதவர்களுக்கும் இந்தக் கருவியை இப்போதைக்குப் பரிந்துரைக்க மாட்டேன். அந்தக் கட்டத்தில் ஆட்டங்களை முடிவு செய்பவை பாதுகாப்பின்றி விட்ட குதிரைகளும் கவனியாத ஒற்றை நகர்த்தல் மேட்டுகளுமே. மரத்தை விரித்தாலும் அது ஓபனிங்கைப் பற்றி எதுவும் சொல்லாது. இத்தாலியனையோ குயின்ஸ் கேம்பிட்டையோ எடுத்துக்கொண்டு, காய்களை வெளிக்கொணர்ந்து, கேஸ்லிங் செய்து ஆடினால் போதும். 1500 முதல் 2100 வரையான லைசெஸ் அடுக்கில் இருப்பவர்களுக்கே இது மிகப் பொருத்தம்: ஆட்டங்களின் எண்ணிக்கை போதுமானதாக இருக்கும், தவறுகளிலும் ஓர் ஒழுங்கு தென்படத் தொடங்கியிருக்கும்.

தொடங்குகிறவர் பிளேயர் தாவலில் தம் பெயரை இட்டு, ரேபிட்டும் கிளாசிக்கலும் மட்டும் தேர்ந்து, கடந்த ஓராண்டு என்று தேதியை வரையறுத்து, முதலில் கறுப்புப் பக்கத்தைப் பார்க்கட்டும். கறுப்பில்தான் ஓபனிங் தேர்வின் விலை அதிகம். தேறும் வரிசைகளைத் தளத்தின் ஸ்டடி பகுதியில் தனித்தனி அத்தியாயங்களாகச் சேமிக்கலாம். ஒரு ஸ்டடியில் 64 அத்தியாயங்கள் வரை இடம் உண்டு, அதைப் பயிற்சியாளருடன் மட்டும் பகிரவும் முடியும். அந்த ஓபனிங்கிலிருந்து எழுந்த ஆட்டங்களின் புதிர்களை மட்டும் எடுத்துத் தரும் பிரிவும் புதிர்ப் பகுதியில் இருக்கிறது. புதிதாக ஒன்றைக் கையிலெடுக்கும் முன் அவற்றைப் போட்டுப் பார்த்தால், அங்கே வரும் நிலைகள் உங்களைச் சலிக்க வைக்கின்றனவா, நேரம் போவதே தெரியாமல் இழுக்கின்றனவா என்று ஒரே மாலையில் தெரிந்துவிடும்.